ஊசியில்லாத தடுப்பு மருந்து எந்தத் தெரு வரை வரும்?

அரூர்ப் பக்கம் ஒரு காலனி. நூறு நாள் வேலைக் கூலி பாக்கி பற்றிப் பேசுவதற்காகப் போயிருந்தோம். பேச்சு முடிந்து, மாரியம்மன் கோயில் மேடையில் டீ வந்தது. இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண் திடீரென்று கேட்டார்: "ஏங்கண்ணா, ஊசியே போடாம மூக்குல புஸ்ஸுன்னு அடிச்சு வுடற மருந்து இருக்குதாமே? பெங்களூர்ல நான் வேலை செஞ்ச வூட்டுப் புள்ளைக்கு அடிச்சிட்டு வந்தாங்க. சளிக் காய்ச்சல் வராதாம். நம்ம ஆஸ்பத்திரிக்கு அது எப்ப வரும்?"

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி முந்திக்கொண்டார்: "வந்தா ஊருக்குள்ள வரும். இங்க எங்க வரும்?" எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்த இரண்டு கேள்விக்கும் எங்களிடம் உருப்படியான பதில் இல்லை. திரும்பி வந்து மருத்துவ நண்பர்களிடம் கேட்டோம், பழைய அறிக்கைகளைப் புரட்டினோம். கிடைத்ததை அந்த அக்காவுக்கும் பாட்டிக்கும் சொல்வதுபோல் இங்கே எழுதுகிறோம்.

முதலில் மருந்து. அப்படி ஒன்று இருப்பது உண்மைதான். புதியதும் அல்ல. ஃபுளூ என்று சொல்லும் இன்ஃபுளூயன்சா காய்ச்சலுக்கு மூக்கு வழி தடுப்பு மருந்தைச் சோவியத் நாட்டில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 'ஃபுளூமிஸ்ட்' என்ற பெயரில் 2003-ல் வந்தது. இந்தியாவில் புனேயில் உள்ள சீரம் நிறுவனம் 'நாசோவாக்' என்ற பெயரில் 2010 ஜூலையில் கொண்டுவந்தது. அப்போது நாடெங்கும் பன்றிக் காய்ச்சல் என்று பேசப்பட்ட எச்1என்1 காய்ச்சலுக்காகத் தயாரான மருந்து அது. லெனின்கிராடு நகரத்தின் பெயரில் வழங்கும் ரஷ்யக் கிருமி வகையை அடிப்படையாக வைத்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் அந்தத் தொழில்நுட்பம் இங்கே வந்தது. பருவந்தோறும் வரும் ஃபுளூவுக்கான மருந்தையும் பிறகு அதே நிறுவனம் தயாரித்தது.

வேலை செய்யும் விதம் எளிதுதான். ஃபுளூ கிருமி நம் உடம்புக்குள் நுழையும் வாசல் மூக்கு. கையில் போடும் ஊசி, செத்த கிருமியின் துண்டுகளைக் கொடுத்து ரத்தத்தில் காவலை ஏற்படுத்துகிறது. மூக்கில் அடிப்பது உயிருள்ள கிருமி. ஆனால் அது பலம் குன்றியது, குளிர்ச்சிக்குப் பழக்கப்படுத்தப்பட்டது. ஆய்வகத்தில் 25 டிகிரி அளவுக் குளிர்ச்சியில் வளர்த்து வளர்த்து அதன் குணத்தை மாற்றிவிடுகிறார்கள். மூக்கின் முன்பகுதி உடம்பின் உட்பகுதியைவிடக் குளிர்ச்சியானது. அங்கே அது கொஞ்சம் பெருகும். நுரையீரலின் சூட்டில் அதனால் பெருக முடியாது. இதனால் நோய் வராமல், வாசலிலேயே எதிர்ப்பு சக்தி உருவாகிறது. நாசோவாக் என்றால் ஒரு மூக்குத் துளைக்குக் கால் மில்லி, இரண்டுக்கும் சேர்த்து அரை மில்லி. ஊசி இல்லை, ரத்தம் இல்லை, இரண்டு நாள் கைவீக்கம் இல்லை. சில பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகும், லேசாகச் சூடு அடிக்கும்.

எல்லோருக்கும் இதைக் கொடுக்க முடியாது. உயிருள்ள கிருமி என்பதால் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே கூடாது. இழுப்பு, ஆஸ்துமா உள்ள சிறு பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கூடாது. அமெரிக்காவில் 2 வயது முதல் 49 வயது வரைதான் அனுமதி. பெரியவர்களிடம் இது குழந்தைகளிடம் வேலை செய்யும் அளவுக்குச் செய்வதில்லை என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. பல வருடம் பல ஃபுளூ கண்ட மூக்கு, மருந்துக் கிருமியையும் நுழைந்ததுமே அடக்கிவிடுகிறது. ஆகவே பாட்டிக்கு ஊசிதான், பேத்திக்கு வேண்டுமானால் ஸ்பிரே. மேடையில் எங்களைக் கேட்ட அக்காவின் இடுப்பில் இருந்த குழந்தைக்கு ஒரு வயதுகூட இருக்காது. அதற்கும் ஊசிதான்.

சரி, பலன் உண்டா? இங்கேதான் விளம்பரத்தை நம்பாமல் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சீரம் நிறுவனத்தின் இதே மருந்தை 2013-ல் வங்கதேசத்திலும் ஆப்பிரிக்காவின் செனகலிலும் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். வங்கதேசத்தில் பாதிக்கு மேல் பாதுகாப்பு கிடைத்தது. செனகலில் ஒன்றும் கிடைக்கவில்லை, சுழியம். ஒரே மருந்து, ஒரே காலம். ஏன் இப்படி என்பதற்கு இன்றும் உறுதியான பதில் இல்லை. அமெரிக்காவிலும் 2016, 2017 ஆகிய இரண்டு பருவங்களில் மூக்கு மருந்து வேண்டாம் என்று அரசு நிபுணர் குழுவே சொல்லி, பிறகுதான் மறுபடி அனுமதித்தது. நம் நாட்டில் ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் எய்ம்ஸ் மருத்துவர்கள் 2 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் ஊசியையும் ஸ்பிரேயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் ஆண்டில் ஊசி மேலாக இருந்தது. இரண்டாம் ஆண்டில் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஆகவே ஸ்பிரே வரும்வரை காத்திருப்போம் என்று யாரும் இருக்க வேண்டாம். கிடைப்பது ஊசி என்றால் ஊசியைப் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இவ்வளவு சொல்லியும் அந்தப் பாட்டியின் கேள்வி அப்படியே இருக்கிறது.

தொடாமல் கொடுக்கும் மருந்து

1995-ல் நாடு முழுக்கப் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தங்கைகளையும் தம்பிகளையும் தூக்கிக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். எந்த ஊர் என்பது இப்போது முக்கியமில்லை. ஊர்ப் பிள்ளைகள் வரும்போது மருந்து கொடுத்த அம்மா கன்னத்தைச் செல்லமாக அமுக்கி வாயைத் திறந்து சொட்டு விட்டார். எங்கள் முறை வந்ததும் குரல் மாறியது. "நீயே வாயத் தொறந்து புடி. நல்லாத் தொறந்து புடி." உயரத்தில் இருந்து சொட்டு விழுந்தது. ஒன்று உதட்டில் விழுந்து வழிந்தது. மறுபடி ஒன்று விட்டார், அதையும் உயரத்தில் இருந்தேதான். எங்கள் அம்மாக்கள் ஒன்றும் சொல்லவில்லை. மருந்து கிடைத்தால் போதும் என்று இருந்தார்கள். அந்தச் சொட்டு மருந்தால்தான் நாங்களும் போலியோ இல்லாத தலைமுறையானோம். 2014 மார்ச்சில் இந்தியாவுக்கு அந்தச் சான்று கிடைத்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். ஆனாலும் உயரத்தில் இருந்து விழுந்த அந்தச் சொட்டு மறக்கவில்லை.

ஊசி என்றால் கையைப் பிடித்தாக வேண்டும். பஞ்சால் துடைக்க வேண்டும், தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். சொட்டு மருந்துக்கும் ஸ்பிரேக்கும் அது தேவையில்லை. நல்லெண்ணம் உள்ளவர் கையில் அது குழந்தைக்கு வலி இல்லாத மருந்து. தீண்டாமையை மனதில் வைத்திருப்பவர் கையில் அது தொடாமல் வேலையை முடிக்கும் வசதி. இது எங்கள் கற்பனை என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. கன்சியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுக்தேவ் தோரட் முதலானோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006-ல் நூலாக வெளியிட்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைய மறுத்தார்கள் என்று இருக்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகள் மருத்துவ வசதி பெறும்போது என்ன நடக்கிறது என்று சங்கமித்ரா ஆச்சார்யா தனியாக ஆராய்ந்து 2010-ல் எழுதினார். தொடாமல் பார்ப்பது, மருந்தைத் தூர இருந்து கொடுப்பது, வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று பேசுவது என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளான 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சேர்த்திருக்கிறார். கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தலித் ஆசிரியர் காந்தியின் 'யங் இந்தியா' இதழுக்கு எழுதிய கடிதம் அது; 1929 டிசம்பரில் வெளியானது. குழந்தை பெற்ற மனைவிக்கு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. மருத்துவர் சேரிக்குள் வர மாட்டேன் என்றார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, இரண்டு ரூபாய் கட்டணம் பேசி, எல்லைக்கு வெளியே வரச் சம்மதித்தார். இரண்டு நாள் முன்பு பிள்ளை பெற்ற பெண்ணை வெளியே தூக்கி வந்தார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவனிடம் கொடுத்தார், கணவன் மனைவியிடம். திரும்பவும் அதே வழியில் அது மருத்துவரிடம் போனது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போய்விட்டார். பிறகு வர மறுத்தார். அந்தத் தாய் இறந்துபோனார். நிமோனியாவுக்கு நெஞ்சில் காதை வைத்துக் கேட்க வேண்டும். அந்த நெஞ்சைத் தொட ஒருவரும் இல்லை.

இன்றைக்கும் அப்படித்தான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கள் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியர்கள் பலர் வெயிலில் நடந்தும் வண்டியிலும் வந்து, கைக்குழந்தையை மடியில் வாங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊசி போடுகிறார்கள். நம் பெண்களே இப்போது செவிலியராக வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஊர்த் தெருவில் ஒருகாலத்தில் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை, வேறொரு வாரம் எழுத வேண்டிய கதை.

தடுப்பூசிக்கும் சாதிக்கும் உறவு அதன் பிறப்பிலேயே உண்டு. 1802-ல் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதல் அம்மைத் தடுப்பு மருந்து போடப்பட்டது. அன்றைக்கு மருந்தைப் பாட்டிலில் வைத்துக் காக்க வழியில்லை. ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டாம் நாள் எழும்பும் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். அந்த வரிசையில் முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள். அவர்கள் கையில் இருந்து எடுத்த நீர் எங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று மேல்சாதியார் மறுத்ததாகச் சென்னை மாகாணம் உட்படப் பல இடங்களில் ஆங்கில அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். கன்றுக்குட்டியில் இருந்து மருந்து எடுக்கும் முறை வந்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. அந்த மருந்தைத் தயாரிக்கவே 1899-ல் கிண்டியில் கிங் நிறுவனம் தொடங்கப்பட்டது. மாட்டின் உடம்பில் இருந்து எடுத்தால் தீட்டில்லை, பறையர் பிள்ளை கையில் இருந்து எடுத்தால் தீட்டு.

எங்கே வைத்துக் கொடுக்கிறார்கள்?

எந்தக் கருவியில் மருந்து வருகிறது என்பதைவிட எந்த இடத்தில் கொடுக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி. இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மருந்துப் பொடியைக் கரைக்கும் நீருக்குப் பதிலாக வேறு மருந்து கலந்துவிட்டது என்பது பிறகு தெரிந்தது. அதன்பின் அரசு, கிராமத்தில் அங்கங்கே போய்த் தடுப்பூசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போடச் சொன்னது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் நடந்தது என்ன? தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2005-06-ல் தமிழகக் குழந்தைகளில் 81 விழுக்காட்டினர் முழுத் தடுப்பூசி பெற்றிருந்தார்கள். 2015-16-ல் அது 70 விழுக்காடாகச் சரிந்தது. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் சித்தேரி மலையில் இருந்தோ, ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரையில் இருக்கும் காலனியில் இருந்தோ, கைக்குழந்தையோடு பேருந்து ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வர ஒரு தாய்க்கு ஒரு நாள் கூலி போகும் என்பது எங்களுக்குத் தெரியும். பிறகு முகாம்கள் மறுபடி கிராமத்துக்கு வந்தன. 2019-21 கணக்கெடுப்பில் அளவு 89-ஐத் தொட்டது.

நாசோவாக்கும் பொடியாக வந்து, நீரில் கரைத்து அடிக்க வேண்டிய மருந்துதான் என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறோம். ஊசி இல்லை என்பதால் கவனம் வேண்டாம் என்று ஆகிவிடாது. 2 முதல் 8 டிகிரி வரை குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். காலனிக்குள் மருந்து வர வேண்டும் என்று நாம் கேட்கும்போது அந்தக் குளிர்ப்பெட்டியும், படித்த செவிலியரும், அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க நிழலும் சேர்ந்து வர வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

எங்கள் மாவட்டத்தில் காலனி எங்கே இருக்கிறது, துணை சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது, அங்கன்வாடி எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் புள்ளி வைத்துப் பார்த்தாலே போதும். ஊருக்குள் உள்ள கட்டடத்துக்குப் போக நம் பெண்கள் தயங்கும் கிராமங்கள் இன்னும் உண்டு. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிந்த மாவட்டம் இது. அந்த இரவைப் பார்த்தவர்களிடம் "ஊருக்குள் போய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

ஃபுளூ யாரைக் கொன்றது?

சளிக் காய்ச்சல்தானே, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1918-ல் இதே ஃபுளூ இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. பம்பாய் நகரத்தில் அந்த ஆண்டு இறந்தவர்களைச் சாதிவாரியாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8 பேர், பார்சிகள் 9 பேர், மற்ற சாதி இந்துக்கள் 19 பேர். தாழ்த்தப்பட்ட சாதியார் 61 பேருக்கு மேல். கிருமிக்குச் சாதி தெரியாது என்று மேடையில் பேசுவது சுலபம். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீட்டையும், அரை வயிற்றுச் சாப்பாட்டையும், மருத்துவர் எட்டிப் பார்க்காத தெருவையும் கிருமி நன்றாகவே கண்டுபிடிக்கிறது.

இது நூறு வருடப் பழங்கதை மட்டும் அல்ல. 2015-ல் இந்தியாவில் எச்1என்1 காய்ச்சல் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உறுதியானது. ஏறத்தாழ 3 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2017-லும் 2,200-க்கு மேல். பரிசோதனை செய்து உறுதியானவர்கள் மட்டும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். ஓசூரிலோ திருப்பூரிலோ கட்டட வேலைக்குப் போய், காய்ச்சலோடு ஊருக்குத் திரும்பி, மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு இறந்துபோனவர் அந்தக் கணக்கில் இருக்க மாட்டார். 2023 மார்ச்சில் எச்3என்2 வகை பரவியபோது தமிழக அரசு ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடத்தியது. நல்ல காரியம். ஆனால் முகாம் காய்ச்சல் வந்த பிறகு. வருமுன் காப்பதற்கான ஃபுளூ தடுப்பூசி அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. குழந்தை மருத்துவர் சங்கமான இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. அந்தப் பரிந்துரை தனியார் மருத்துவமனைக்குப் போகும் வீட்டுக்குத்தான் பயன்படுகிறது. ஒரு தடவை ஊசிக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. முதல் முறை போடும் சிறு குழந்தைக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும். பிறகு வருடா வருடம். 2024-25-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் ஒரு நாள் கூலி 319 ரூபாய். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கொரோனாவுக்கும் ஒரு மூக்கு மருந்து வந்தது நினைவிருக்கலாம். ஐதராபாத்தின் பாரத் பயோடெக் 2023 குடியரசு தினத்தன்று வெளியிட்ட 'இன்கோவாக்'. தனியாருக்கு 800 ரூபாய், அரசுக்கு 325 ரூபாய் என்று விலை வைத்தார்கள். எங்கள் காலனிகளில் அதை யாரும் பார்த்ததில்லை.

பன்றியின் பெயரால்

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. அது பெயர். 2009-ல் இந்தக் காய்ச்சல் 'பன்றிக் காய்ச்சல்' என்ற பெயரோடு பத்திரிகைகளில் வந்தது. பன்றிக்கறி சாப்பிடுவதால் இது வராது, மனிதரிடம் இருந்து மனிதருக்கு இருமலிலும் தும்மலிலும்தான் பரவுகிறது. உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியிலேயே அந்தப் பெயரைக் கைவிட்டது. நாம் மட்டும் விடவில்லை. பன்றி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. காய்ச்சல் செய்தி வந்தால் போதும், அவர்கள் குடிசைப் பக்கம் முறைத்துப் பார்ப்பதும், பன்றியைப் பிடித்துப் போகச் சொல்லி மனு கொடுப்பதும் தொடங்கிவிடும். எகிப்தில் இன்னும் மோசம். 2009-ல் அந்த அரசு நாட்டில் இருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டது. கெய்ரோ நகரத்தின் குப்பையை வீடு வீடாக வாங்கி, அதில் மிஞ்சும் உணவைப் பன்றிக்குப் போட்டுப் பிழைத்த 'ஸப்பாலீன்' என்ற சிறுபான்மைக் கிறித்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. பத்திரிகை நண்பர்கள் 'எச்1என்1' என்றோ 'ஃபுளூ' என்றோ எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இங்கிலாந்தில் 2013 முதல் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்கு மூக்கு ஸ்பிரே கொடுக்கிறார்கள், இலவசமாக. அந்த மருந்தில் பன்றி ஜெலட்டின் சேருகிறது. அதை ஏற்காத முஸ்லிம் பெற்றோர்கள் கேட்டால் மாற்றாக ஊசி தருகிறார்கள். ஒருவர் நம்பிக்கைக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்க ஓர் அரசால் முடியும் என்றால், ஒருவர் தன்மானத்துக்கும் அதே மதிப்பைக் கொடுக்க முடியும்தானே? பள்ளிக்கூடத்தில் கொடுப்பது நமக்கும் ஏற்ற வழி. சத்துணவு போடும் பள்ளி, எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கும் இடம். அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு மாதிரி, இன்னொரு பிள்ளைக்கு ஒரு மாதிரி என்று செய்தால் நாற்பது கண்கள் பார்க்கும்.

பணமில்லை என்பார்கள். மகாராஷ்டிர அரசு 2015 முதல் கர்ப்பிணிகள் முதலான ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஃபுளூ தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? செங்கல்பட்டில் மத்திய அரசு பல நூறு கோடி செலவில் கட்டிய தடுப்பூசி வளாகம் ஆண்டுக்கணக்கில் உற்பத்தி இல்லாமல் கிடந்தது. கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம் ஆகிய இரண்டு பொதுத்துறை நிறுவனங்களின் உற்பத்தியையும் 2008 ஜனவரியில் நிறுத்தி, எதிர்ப்புக்குப் பிறகுதான் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மருந்து செய்யத் தெரிந்த கைகள் நம் மாநிலத்திலேயே இருந்தன.

கேட்ட அக்காவுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டியவை இவை. தமிழ்நாட்டில் ஃபுளூ அதிகம் அடிப்பது வடகிழக்குப் பருவமழை மாதங்களில், ஐப்பசி கார்த்திகையில். போட முடிந்தவர்கள் அதற்கு முன்பே, ஆவணி புரட்டாசியில் போட்டுக்கொள்வது நல்லது. குழந்தைக்குக் காய்ச்சலோடு மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலமானாலோ மெடிக்கல் கடைக்குப் போகாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிக்கும் வயதானவர்க்கும் சர்க்கரை நோயாளிக்கும் காய்ச்சல் என்றால் இரண்டு நாளைக்குள் போங்கள். ஃபுளூவுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அங்கே யாராவது தொடாமல் பார்த்தால், தூர நிற்கச் சொன்னால், தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு எங்களிடம் சொல்லுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்கும் இருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு தயாராகிறது. ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், தூய்மைப் பணியாளர்கள் ஆகியோருக்கு ஃபுளூ தடுப்பூசி இலவசமாக வேண்டும். முகாமைக் காலனிக்குள்ளேயே நடத்த வேண்டும். எந்தக் காலனியில் எந்தப் புதன்கிழமை முகாம் என்று ஊராட்சிப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். மனுவின் கீழே முதல் கைநாட்டு அந்தப் பாட்டியுடையது. மை தடவக் கையை நீட்டும்போது அவர் கேட்டார்: "புதன்கிழம நூறு நாள் வேல இருக்குமே, சாயந்திரம் வெச்சிக்கச் சொல்லலாமா?" அதையும் மனுவில் சேர்த்துவிட்டோம்.